வேண்டாத செயலிகள்: களைவனவும் காப்பனவும்

புதிய மடிக்கணினி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முறையாக இயக்கும்போது, நாம் எதனையும் அதில் சேர்ப்பதற்கு முன்னரே பல பத்துச் செயலிகள் அதனுள் குடியிருக்கக் காண்கிறோம். அவற்றுள் சில கணினிக்கு உயிர் போன்றவை. சில நமக்குப் பயன்படக் கூடியவை. எஞ்சியவையோ நாம் அழையாமலே வந்து அமர்ந்து, இடத்தையும் இணையத் தரவையும் உண்பவை. இம்மூன்றையும் பிரித்தறிந்து, வேண்டாதவற்றை விலக்கும் முறையினை இம்மாதப் பாடமாகக் காண்போம்.

தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இப்பாடம் எதற்கு என்று சிலர் வினவலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பறை லயத்து வீட்டிற்கே வந்து சேர்ந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பிடித்துப் படித்த வீடுகள் உண்டு. 2021ஆம் ஆண்டில் 'செர்டிக்' திட்டத்தின் வழி வசதி குறைந்த மாணவர்களுக்குக் கருவிகள் வழங்கப்பட்டன. வேறு பல பெற்றோர் சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ, தவணை முறையிலோ மடிக்கணினி வாங்கினர். அவ்வாறு வாங்கப்படுவது பெரும்பாலும் விலை குறைந்த கணினியே. அதன் நினைவகம் 4 கிகாபைட், சேமிப்பிடம் 64 கிகாபைட் என்ற அளவில்தான் இருக்கும். விண்டோஸ் 11 இயங்குவதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வகுத்துள்ள குறைந்தபட்ச அளவும் அதுவே. அதாவது, இயங்குதளம் உட்கார்ந்த பின் மிஞ்சும் இடம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் வந்து அமரும் வேண்டாத செயலி ஒவ்வொன்றும் பிள்ளையின் பாடக் கோப்புகளை ஓரத்திற்குத் தள்ளிவிட்டே அமர்கிறது. விலையுயர்ந்த கணினி வைத்திருப்போர் இதனைப் பொருட்படுத்தாதிருக்கலாம். நமக்கு அது கட்டுப்படியாகாது.

இவை ஏன் முன்கூட்டியே வைக்கப்படுகின்றன? கணினியைச் செய்து விற்கும் நிறுவனத்திற்கு ஒரு கணினியில் கிடைக்கும் ஆதாயம் சிறிது. ஆகவே அது பிற மென்பொருள் நிறுவனங்களிடம் பணம் பெற்றுக்கொண்டு, அவற்றின் செயலிகளை ஏற்றி அனுப்புகிறது. பேரங்காடியில் கண்ணுக்கு நேரான தட்டில் தம் சரக்கை வைப்பதற்கு வணிகர் பணம் கொடுப்பதில்லையா? அதுபோன்றதே இதுவும். மற்றொரு காரணம் இயங்குதளத்தை ஆக்கிய நிறுவனத்தின் சொந்த நலன். தன் உலாவியையும் தன் சேமிப்புச் சேவையையும் மக்கள் பயன்படுத்த வேண்டும் என்று அது விரும்புகிறது. இவ்விருப்பம் நீதிமன்றங்கள் வரை சென்றிருக்கிறது. விண்டோசுடன் தன் இணைய உலாவியைப் பிணைத்துத் தந்ததன் தொடர்பில் அமெரிக்க அரசு 1998இல் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தது. 2001இல் அது உடன்பாட்டில் முடிந்தது. இசையும் படமும் இயக்கும் செயலியைப் பிணைத்ததற்காகவும் வேறு குறைக்காகவும் ஐரோப்பிய ஆணையம் 2004இல் அந்நிறுவனத்திற்கு 497 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. ஐரோப்பாவில் நடப்பிலுள்ள மின்னியல் சந்தைச் சட்டத்தின் பயனாக, அங்குள்ளோர் 'எட்ஜ்' உலாவியையே கணினியிலிருந்து நீக்கிக்கொள்ள முடிகிறது. அச்சலுகை ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்திற்கு மட்டுமே உரியது. நம் கணினிகளில் எட்ஜ் உலாவிக்குரிய நீக்கும் பொத்தான் மங்கலாகவே நிற்கும். அதனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இடத்தை அடைத்துக்கொள்வது மட்டும்தான் குற்றம் என்றால் மன்னித்து விடலாம். 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் விற்ற சில மடிக்கணினிகளில் 'சூப்பர்ஃபிஷ்' என்னும் விளம்பரச் செயலி முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. அது, பயனர் பார்க்கும் பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கும் நடுவே புகுந்து விளம்பரம் காட்டுவதற்காக, கணினியின் நம்பிக்கைச் சான்றிதழ்களுள் தனக்கென ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தது. அதே பூட்டும் அதே சாவியும் அக்கணினிகள் அனைத்திலும் இருந்தன. ஒரு சாவி திருடன் கையில் கிடைத்தால் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும் என்ற நிலை! 2015 பிப்ரவரியில் இது வெளிப்பட்டது. செயலியை நீக்கிய பின்னும் அச்சான்றிதழ் கணினியிலேயே தங்கிவிட்டது. அதனைத் தனியே தேடி எடுக்க வேண்டியிருந்தது. அந்நிறுவனம் நீக்கும் கருவியை வெளியிட்டது. 2017இல் அமெரிக்காவின் 32 மாநிலங்களுடன் 35 இலட்சம் டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. முன்கூட்டியே வந்தது என்பதாலேயே ஒரு செயலி நம்பத் தக்கதாகி விடாது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும், கண்ணில் பட்டதையெல்லாம் நீக்கிவிடுவது அறிவுடைமையாகாது. இதனைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது எளிது. இளங்கன்று நட்ட காட்டில் நிரைகளுக்கு இடையே கொடிகள் படர்ந்திருப்பதைப் பார்க்கிறோம். புதிதாக வேலைக்கு வந்தவர் கண்ணுக்கு அதுவும் களையே. ஆனால், அது மண்ணரிப்பைத் தடுக்கவும் மண்ணுக்கு உரமூட்டவும் வேண்டுமென்றே விதைக்கப்பட்ட மூடுபயிர். லாலாங் புல்லோ அப்படியன்று. அதனை மேலாக அரிந்துவிட்டால் சில நாளில் மீண்டும் தலை நீட்டும், கிழங்கு நிலத்தடியில் கிடப்பதால். கணினியிலும் மூடுபயிரும் உண்டு, லாலாங்கும் உண்டு. திரையின் முகப்பில் உள்ள சின்னத்தை மட்டும் அழித்துவிட்டுச் செயலியை நீக்கிவிட்டதாக எண்ணுவோர் பலர். அது புல்லின் நுனியை அரிந்த கதையே. செயலி உள்ளே அப்படியே இருக்கிறது.

இனி வேலையில் இறங்குவோம். திரையில் தோன்றும் ஆங்கிலச் சொற்களை ஒலிப்பு மாறாமல் தமிழ் எழுத்தில் தந்துள்ளோம். பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு படித்தால் சொல்லையும் பொத்தானையும் பொருத்திப் பார்ப்பது எளிதாகும். கணினி பள்ளியின் உடைமையாகவோ இரவலாகக் கிடைத்ததாகவோ இருப்பின், ஆசிரியரைக் கேளாமல் எதனையும் நீக்கலாகாது.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையில் விண்டோஸ் சின்னமுள்ள விசையையும் 'ஐ' எழுத்து விசையையும் ஒருசேர அழுத்தினால் 'செட்டிங்ஸ்' திறக்கும். அதில் 'ஆப்ஸ்' என்பதையும், அதனுள் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்பதையும் தட்டினால், கணினியில் உள்ள செயலிகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றின் பெயரையும் நோட்டில் எழுதுங்கள். பெயருக்கு எதிரே, தெரியும், தெரியாது என்று குறித்துக்கொள்ளுங்கள். இது பள்ளிக்கூடத்து வேலை போல் தோன்றலாம். ஆனால், எதை நீக்கினோம் என்பதற்கு எழுத்தில் சான்று இருந்தால் பின்னர் தவிப்பு இராது. மேலும், பெயர் தெரியாத செயலியை நீக்குவதில்லை என்ற விதியை இந்த நோட்டே நமக்கு நினைவூட்டும்.

நீக்குவதற்குத் தடையில்லாதவை எவை? சீட்டு விளையாட்டான 'சாலிடேர்', காணொளி வெட்டும் 'கிளிப்சாம்ப்', எக்ஸ்பாக்ஸ் பெயர் தாங்கிய விளையாட்டுத் துணைகள், கணினி நிறுவனம் ஏற்றி அனுப்பிய விளம்பர விளையாட்டுகள், நாம் பயன்படுத்தாத செய்திச் செயலிகள் ஆகியன. பெயரின் வலப்புறத்தில் மூன்று புள்ளிகள் இருக்கும். அவற்றைத் தட்டி, 'அன்இன்ஸ்டால்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் செயலி நீங்கும். பின்னர் மனம் மாறினால், 'மைக்ரோசாப்ட் ஸ்டோர்' என்னும் கடையில் இவற்றுள் பெரும்பாலானவை பணமின்றியே மீண்டும் கிடைக்கும். எனவே, இந்த வகையில் கை நடுங்க வேண்டியதில்லை. ஒரு முறைக்கு ஒன்றிரண்டு நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, பிள்ளையின் பாடங்கள் முன்போல் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்வது நன்று.

அடுத்து வருவது நம் மக்களை மிகுதியும் அச்சுறுத்தும் ஒன்று: சோதனைக் கால நச்சுநிரல் தடுப்புச் செயலி. பல கணினிகளில் மெக்கஃபி போன்ற நிறுவனங்களின் தடுப்புச் செயலி சில காலத்திற்கு மட்டும் இலவசமாக வைக்கப்பட்டிருக்கும். அக்காலம் முடிந்ததும் திரையின் மூலையில், 'உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, உடனே புதுப்பியுங்கள்' என்ற அறிவிப்புத் தோன்றும். அதுவும் ஒரு முறையன்று, நாள்தோறும். பிள்ளை படிக்கும் கணினி பழுதாகிவிடுமோ என்றஞ்சிப் பெற்றோர் பணம் கட்டிவிடுகின்றனர். அச்செயலி கெட்டதென்று நாம் கூறவில்லை. விரும்பி வாங்குவோர் வாங்கட்டும். ஆனால், வாங்காவிட்டால் காவலே இல்லை என்பது உண்மையன்று. விண்டோசுடனேயே 'மைக்ரோசாப்ட் டிஃபெண்டர்' என்னும் தடுப்புச் செயலி கட்டணமின்றி வருகிறது. வேறொரு தடுப்புச் செயலி காவல் நிற்கும் வரை அது ஒதுங்கி நிற்கும். மற்றதை மேற்சொன்ன முறையில் நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தால், டிஃபெண்டர் தானே காவலுக்கு வந்துவிடும். வந்துவிட்டதா என்பதை உறுதி செய்ய, 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்பதைத் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' என்ற பகுதியில் பச்சைக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். குறி இருப்பின் கவலை வேண்டா. புதுப்பிப்பதற்குக் கொடுக்கவிருந்த வெள்ளியில் பிள்ளைக்குப் பயிற்சி நூல்கள் வாங்கலாம்.

இன்னோர் எச்சரிக்கை. அத்தகைய அறிவிப்பு உலாவியின் உள்ளே, ஒரு தொலைபேசி எண்ணோடு தோன்றினால், அது செயலியின் அறிவிப்பே அன்று, மோசடிக்காரரின் தூண்டில். அந்த எண்ணை அழைக்கவே கூடாது.

'ஒன்டிரைவ்' என்பதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். இது கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் சேவை. புதிய கணினியில் கணக்குத் திறக்கும்போதே பலரும் அறியாமல் இதற்கு இசைவு தந்து விடுகிறோம். அதன்பின் 'டாக்குமெண்ட்ஸ்', 'பிக்சர்ஸ்', முகப்புத்திரை ஆகியவற்றிலுள்ள கோப்புகள் ஒன்டிரைவின் உறைக்குள் மாறி, இணையத்திற்கும் ஏற்றப்படுகின்றன. இலவசமாகக் கிடைப்பது 5 கிகாபைட் மட்டுமே. அது நிறைந்ததும் பணம் கட்டி இடம் வாங்குமாறு வற்புறுத்தும். இது வேண்டா என்று ஒன்டிரைவை எடுத்த எடுப்பில் நீக்குவோர்க்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது: பிள்ளையின் கட்டுரையும் குடும்பப் படங்களும் இருந்த இடத்தில் காணப்படா! பல சமயங்களில் அவை அழிந்திருக்க மாட்டா, இணையத்தில் இருக்கும். ஆனால், கடவுச்சொல்லை மறந்துவிட்ட குடும்பத்திற்கு இணையத்தில் இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

ஆகவே, முறையாகச் செய்ய வேண்டும். ஒன்டிரைவின் உறையைத் திறந்து கோப்புகளின் அருகேயுள்ள குறியைப் பாருங்கள். மேகச் சின்னம் இருந்தால் அக்கோப்பு இணையத்தில் மட்டுமே உள்ளது. அதன்மீது வலச் சொடுக்கிட்டு, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தால் அது கணினிக்கு இறங்கும். எல்லாம் இறங்கிய பின், விரல் நினைவகம் ஒன்றில் அனைத்தையும் படியெடுத்து வையுங்கள். படியெடுத்த கோப்புகள் திறக்கின்றனவா என்று இரண்டொன்றைத் திறந்தும் பாருங்கள். அதன்பின் ஒன்டிரைவின் அமைப்பில் 'மேனேஜ் பேக்கப்' என்ற இடத்தில் காப்புப்படி எடுப்பதை நிறுத்தி, கோப்புகள் கணினியின் உறைகளுக்குத் திரும்பியுள்ளனவா என்று பார்த்து, திரும்பாதவற்றை நீங்களே மாற்றி வையுங்கள். இறுதியாக, 'அன்லிங்க் திஸ் பிசி' என்பதைத் தட்டித் தொடர்பை அறுக்கலாம். இதனைச் செய்ய ஒரு மாலைப்பொழுது பிடிக்கும். இணைய வேகம் குறைந்த தோட்டங்களில் இரண்டு மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி களவு போனாலோ மழைநீரில் நனைந்தாலோ கோப்புகள் தப்பிக்க இச்சேவை உதவும் என்பதையும் மறுப்பதற்கில்லை. பிள்ளையின் பாடக் கோப்புகளை மட்டும் அதில் வைத்துக்கொண்டு, படங்களை வெளியே எடுத்துவிடுவது என் கருத்தில் நடுவழி.

நீக்கவும் மனமில்லை, ஆனால் எந்நேரமும் அது ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டா என்னும் செயலிகளும் உண்டு. அவற்றை நிறுத்தி வைக்கலாம். கணினியை இயக்கியவுடன் சில செயலிகள் தாமாகவே எழுந்து வேலை தொடங்குகின்றன. கணினி திறக்க நெடுநேரம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' என்று சென்று 'ஸ்டார்ட்அப்' என்பதைத் திறந்தால், ஒவ்வொரு செயலிக்கும் எதிரே ஒரு விசை இருக்கும். அதன் சுமை பெரிதா சிறிதா என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். சுமை மிகுந்தவற்றுள் காலையில் எழுந்தவுடன் தேவைப்படாதவற்றை அணைத்து வையுங்கள். செயலி அழியாது, நீங்கள் அழைக்கும்போது மட்டும் வரும். வெட்டு நிறுத்தி ஓய்வு கொடுத்த மரத்தைப் போல அது நின்றுகொண்டிருக்கும். வேண்டும்போது மீண்டும் உளி வைக்கலாம். தொடுபலகையின் பெயரும் ஒலிக்கருவியின் பெயரும் அப்பட்டியலில் இருக்கக் கண்டால் அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்து படிக்கும் வீடுகளுக்கு இது மிகவும் முக்கியம். பின்னணியில் ஓடும் செயலிகள் கேளாமலே தரவை இழுக்கின்றன. மாத நடுவிலேயே தரவு தீர்ந்து போவதற்குப் பிள்ளையை வைவதற்கு முன், இதனைச் சோதித்துப் பார்க்கலாம். கடையிலிருந்து வந்த செயலியானால், பட்டியலில் மூன்று புள்ளிகளைத் தட்டி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' திறந்து, பின்னணி அனுமதியை 'நெவர்' என்று மாற்றலாம். மேலும், கைப்பேசியின் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, 'மீட்டர்டு கனெக்ஷன்' என்ற விசையை இயக்கினால், இது அளந்து கொடுக்கப்படும் தரவு என்பதைக் கணினி உணர்ந்து, பெரிய இறக்கங்கள் பலவற்றைத் தள்ளிப்போடும். வரம்பற்ற இணையம் கிடைக்கும் இடத்திற்குக் கணினியைக் கொண்டு செல்லும்போது, பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அங்கு ஏற்றிக்கொள்ள மறக்கலாகாது.

இனி மூடுபயிர். 'விஷுவல் சி பிளஸ் பிளஸ்', 'டாட் நெட்', 'வெப்வியூ' என்ற பெயர் கொண்டவை, இன்டெல், ஏஎம்டி, ரியல்டெக் என்று தொடங்குபவை, 'மைக்ரோசாப்ட் ஸ்டோர்' ஆகியவற்றைத் தொட வேண்டா. முதல் மூன்றும் பிற செயலிகள் நிற்கும் அடித்தளம். அடுத்தவை திரை, ஒலி, இணைய இணைப்பு ஆகியவற்றை இயக்குபவை. அவற்றுள் ஒன்றை நீக்கினால் ஒலி எழாமற் போகலாம், வைஃபை பிடிக்காமற் போகலாம். டெலிமா தளத்தில் பாடம் பயிலும் பிள்ளைகளுக்கு உலாவி தேவை. வகுப்பிற்கு 'டீம்ஸ்' அல்லது கூகல் செயலி பயன்படுகிறதெனில் அதுவும் தேவை. நீக்கு முன் பிள்ளையைக் கேளுங்கள் என்று கூறுவதும் இதனால்தான்.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் துடைத்தெறிவதாகக் கூறும் நிரல்கள் இணையத்தில் மலிந்துள்ளன. கணினியின் உள்ளமைப்பை நன்கறிந்தோர் அவற்றுள் சிலவற்றை ஆராய்ந்து பயன்படுத்துவர். நமக்கு அவை வேண்டா. எவர் எழுதியதென்று அறியாத நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் தருவது, வழிப்போக்கனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து ஒட்டடை அடிக்கச் சொல்வதை ஒக்கும். அவற்றுள் சில, காவல் நிற்கும் டிஃபெண்டரையும் பாதுகாப்புப் புதுப்பிப்பையும் சேர்த்தே அணைத்து விடுகின்றன. வேகம் கூடிவிட்டதென்று மகிழ்வோர், கதவு திறந்து கிடப்பதை அறியார். சிறு பட்டணத்துக் கடைகளில் 'கணினியைச் சுத்தம் செய்வது' என்ற பெயரில் கட்டணம் பெற்றுச் செய்யப்படும் வேலையும் பலவேளைகளில் நாம் மேலே கண்ட நான்கைந்து தட்டல்களே. கணினியின் உள்ளே தூசு அகற்றவும் பழுதான பாகம் மாற்றவும் கடைக்காரர் வேண்டும். அதற்குக் கூலி கொடுப்பது முறை. சீட்டு விளையாட்டை நீக்குவதற்கு வேண்டா.

பழைய கணினி வைத்திருப்போர் ஒன்றைக் கருத்திற்கொள்க. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. செயலிகளை நீக்குவதால் அக்கணினி விரைவு பெறலாம், பாதுகாப்புப் பெறாது. அக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதைத் தவிர்ப்பது நலம். விண்டோஸ் 10இல் மேற்கண்ட பட்டியல் 'ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' என்ற பெயரில் இருக்கும்.

விண்டோஸ் பெரும் புதுப்பிப்பு வந்த பின், நீக்கியவற்றுள் சில மீண்டும் முளைத்திருக்கக் காணலாம். புதியவை சிலவும் சேர்ந்திருக்கலாம். அப்போது பழைய நோட்டை எடுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயம் எழுந்தால், முன்னர் இணைய மையம் என்றும் பெடி என்றும் அழைக்கப்பட்டு இப்போது 'நாடி' என்று பெயர் பெற்றுள்ள மையம் அருகில் இருக்குமாயின், அங்குள்ள பணியாளரை அணுகலாம். கணினியோடு அதன் மின்னூட்டியையும், பெயர் தெரியாத செயலிகளைக் குறித்து வைத்த அந்த நோட்டையும் உடன் கொண்டு செல்லுங்கள்.